39 நிமிடத்துக்கு முன்னும் பின்னும்

விண்டோஸ் எக்ஸ்பியைத் தன் கையால் ஒரு முறையாவது போட்டவருக்கு 39 என்ற எண் மறக்காது. சிடியிலிருந்து கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு கணினி ஒரு தடவை அணைந்து எழும். நீலத் திரையின் இடது ஓரத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும்: வேலை முடிய ஏறக்குறைய 39 நிமிடம். அந்த 39 வெகுநேரம் 39 ஆகவே நிற்கும். பிறகு மனமில்லாமல் இறங்கத் தொடங்கி 34, 33 வாக்கில் மறுபடி திணறும். தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

உண்மையில் அந்த 39 நிமிடம்தான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. பழைய இயங்குதளத்தைப் புதிய கணினியில் ஏற்ற உட்காருகிறவர்கள் திண்டாடுவது அதற்கு முன்னும் பின்னும். முன்னால், கணினியும் இயங்குதளமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில். பின்னால், எழுந்து உட்கார்ந்த பழைய இயங்குதளம் வெளியுலகத்தோடு பேச முயல்வதில்.

"ஃபார்மேட் அடிச்சு ஓ.எஸ். போட்டுடலாம் சார்" என்பது சர்வீஸ் கடைகளின் சர்வரோக நிவாரணி. வைரஸ் வந்தாலும் அதுதான் மருந்து, கணினி மந்தமானாலும் அதுதான். ஆனால் புதியதைத் துடைத்துவிட்டு வேண்டுமென்றே பழையதைத் தேடிப் போடுவது வேறு சங்கதி. அது பேரலையாக எழுந்தது 2007ல். அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. கண்ணாடி போலப் பளபளத்த அதன் சாளரங்களைச் சுமக்க அன்றிருந்த பல கணினிகளுக்குத் தெம்பில்லை. வீட்டிலிருந்த பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் கிடைக்கவில்லை. புதுக் கணினி வாங்கி, அதிலிருந்த விஸ்டாவை அழித்து, எக்ஸ்பி போட்டுக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளை வாங்கியவர்கள் எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே மைக்ரோசாஃப்ட் இடம் வைத்திருந்தது. அந்த உரிமைக்கு 'டவுன்கிரேடு' என்று பெயர். பயன்படுத்திக்கொண்டவர்கள் யாரும் அதை இறக்கமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்குக் காரணங்கள் வேறு. தமிழ்நாட்டின் டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் நெடுங்காலம் கோலோச்சியது. சில இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ல். யூனிகோடு அதற்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை, மலர், நோட்டீஸ் எனப் பல்லாண்டு உழைப்பு பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே அல்ல. சில எழுத்துரு மென்பொருள்களுக்கு, பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் ஒன்றும் வேண்டும். அந்த டாங்கிளுக்கு 32 பிட் டிரைவர் மட்டுமே எழுதிவிட்டுத் தயாரித்தவர் ஒதுங்கியிருந்தால் கதை முடிந்தது. 64 பிட் விண்டோஸ் தன் கருவுக்குள் 32 பிட் டிரைவரை விடவே விடாது. கட்டை விரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஒரு முழுக் கணினியையும் இருபது ஆண்டு பின்னுக்கு இழுத்துவிடுகிறது.

அச்சகத்தோடு இது நிற்பதில்லை. 2015 நவம்பர் 7 அன்று பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் சிறிது நேரம் விமானங்கள் நின்றன. ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற விவரத்தை விமானிகளுக்குத் தரும் அமைப்பு அன்று படுத்துவிட்டது. அது ஓடிக்கொண்டிருந்தது 1992ல் வந்த விண்டோஸ் 3.1ல். அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை, காலாவதியான எக்ஸ்பிக்குத் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தம் தருவதற்காக மைக்ரோசாஃப்டோடு 91 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. லேத்து, ஆய்வுக்கூடக் கருவி, மருத்துவ ஸ்கேனர் போன்றவை கோடி ரூபாயில் வாங்கப்பட்டு முப்பது ஆண்டு உழைக்கும். அவற்றோடு வந்த கணினி பத்தாண்டில் படுத்துவிடும். அப்போது பழைய சிடியைத் தேடுவது ஏக்கத்தினால் அல்ல.

சரி, சிடி கிடைத்துவிட்டது. இன்றைய கணினியில் போட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வழி வந்த பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் குறித்த முத்திரை எண் இருந்தால், "இது நம்ம ஆள்" என்று பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். அந்த 512க்குள் 446 பைட் நிரல், 64 பைட்டில் வட்டைப் பங்கு பிரித்த கணக்கு, 2 பைட் முத்திரை. இவ்வளவுதான் மொத்தச் சடங்கும். இப்போதைய யு.இ.எஃப்.ஐ. முறை அந்த 512 பைட்டைத் தேடுவதே இல்லை. வட்டில் தனக்கென ஒதுக்கிய பகுதியில் குறித்த வடிவக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். 32 பிட் எக்ஸ்பிக்கு அந்த வழியில் எழத் தெரியாது. நெடுநாள் கணினிகள் பழைய பயாஸ் போல நடிக்கும் வசதி ஒன்றைக் கூடவே வைத்திருந்தன. 2020க்குள் அதையும் கைவிடப்போவதாக 2017ல் இன்டெல் அறிவித்தது.

நடிக்கத் தெரிந்த கணினி கிடைத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அங்கே காத்திருப்பது நீலத் திரை. அதில் பல பூஜ்யங்களுக்குப் பின்னால் 7பி என்று முடியும் பிழை எண். சர்வீஸ் இன்ஜினியர்களுக்கு இது பழகிய முகம். தொடக்கத்தில் எக்ஸ்பி பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வட்டைப் படிக்கிறது. ஓரளவு எழுந்ததும் அந்தக் கையை உதறிவிட்டு, தன் சொந்த டிரைவரால் வட்டைத் தொட முயலும். 2001ல் வந்த எக்ஸ்பிக்கு, 2004ல் வெளியான ஏ.எச்.சி.ஐ. என்ற வட்டுப் பேச்சுமுறை எப்படித் தெரியும்? ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்த பிறகு, மாடியே இல்லை என்று கண்டுபிடிப்பது போன்ற நிலைமை. தான் எந்த வட்டிலிருந்து எழுந்ததோ அந்த வட்டே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தினால் வெளி டிரைவரைக் கேட்கும். ஆனால் அதை ஏ டிரைவில், அதாவது பிளாப்பியில்தான் தேடும். பிளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினிகள் கடைக்கு வந்த பிறகும் எஃப்6 பிளாப்பியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பயாஸுக்குள் போய் வட்டைப் பழைய ஐ.டி.ஈ. முறைக்கு மாற்றுவது ஒரு தப்பும் வழி. என்லைட் போன்ற கருவியால் டிரைவரைச் சிடிக்குள்ளேயே நுழைத்துப் புதுச் சிடி எழுதிக்கொள்வது இன்னொன்று.

வட்டு கண்ணுக்குத் தெரிந்த பின்னும் எண்களின் சிக்கல் இருக்கிறது. பழைய ஐ.டி.ஈ. முறையில் வட்டின் ஒவ்வொரு செக்டருக்கும் 28 பிட் முகவரி. இரண்டை 28 தடவை பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கணக்குப் போட்டால் 137 ஜிபி வரும். முதல் வெளியீட்டு எக்ஸ்பிக்கு உலகம் அதோடு முடிந்தது. 2002ல் வந்த சர்வீஸ் பேக் 1 முகவரியை 48 பிட்டுக்கு நீட்டியது. ஆகவே 2001 சிடியைக் கொண்டு பெரிய வட்டில் எக்ஸ்பி போடுவது வெறும் இட நஷ்டத்தோடு போவதில்லை. 137 ஜிபிக்கு அப்பால் ஏற்கெனவே தரவு வைத்திருந்த வட்டில், எல்லையைத் தாண்டி எழுதப் போனால் எழுத்து சுற்றிக்கொண்டு வட்டின் தொடக்கத்தில் போய் விழக்கூடும். பிள்ளையின் படங்களைச் சேமிக்கப் போய்க் கணினியின் தலையிலேயே கை வைத்த கதை.

இதைவிட அழகான விபத்து 63 என்ற எண்ணில் இருக்கிறது. ஆதிகால வட்டுகளில் செக்டருக்கு வரிசை எண் தர 6 பிட் ஒதுக்கினார்கள். ஒன்றிலிருந்து எண்ணுவது வழக்கமாதலால், ஒரு தடத்தில் அதிகபட்சம் 63 செக்டர். முதல் தடத்தைப் பயாஸுக்கு விட்டுவிட்டு, அடுத்த தடத்திலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 63ஆம் செக்டரிலிருந்து, சி டிரைவைத் தொடங்குவது மரபாயிற்று. தடங்களெல்லாம் வெறும் கற்பனை ஆகிவிட்ட காலத்திலும் எக்ஸ்பி அந்த மரபை விடவில்லை. யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, 2010 வாக்கில் வட்டுத் தயாரிப்பாளர்கள் 512 பைட் செக்டரை விட்டு 4096 பைட் செக்டருக்கு மாறும் வரை.

4096 என்பது எட்டு 512. எக்ஸ்பியின் கோப்பு முறையும் எட்டு எட்டாகத்தான் செக்டர்களைக் கட்டி எடுக்கும். ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை: 1 முதல் 8, 9 முதல் 16, இப்படியே 72 வரை. எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு 65 முதல் 72 வரை கிடைத்தால் ஒரே தடுப்பில் சோற்று மூட்டையைப் பிரித்துவிடலாம். எக்ஸ்பியோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் 64 முதல் 71 வரை என்கிற தினுசில் இடம் கொடுத்தது. ஒருவர் மட்டும் முந்தைய தடுப்பின் பக்கவாட்டு மேல் படுக்கையில். மீதி ஏழு பேர் அடுத்த தடுப்பில். இப்போது ஒரு குடும்பத்தை எழுப்ப இரண்டு தடுப்பிலும் விளக்கைப் போட வேண்டும். வட்டில் நடந்ததும் அதுதான். நான்கு கேபி எழுத, இரண்டு பெரிய செக்டர்களைப் படித்து, ஒட்டி, இரண்டையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. புது வட்டு பழைய வட்டைவிட மெதுவாக ஓடியது. வாங்கியவர் கடைக்காரரைத் திட்டினார்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் கொண்டுவந்த தீர்வு ஒரு நயமான பொய். வட்டின் பின்புறத்தில் 7, 8 என்ற இரண்டு ஊசிகளைச் சின்ன ஜம்பரால் இணைத்தால், வட்டு எல்லா முகவரியையும் உள்ளுக்குள் ஓர் இடம் தள்ளிக் கணக்கு வைத்துக்கொள்ளும். எக்ஸ்பி 63 என்று நினைத்து எழுதுவது 64ல் போய் விழும். குடும்பம் ஒரு படுக்கை நகர்ந்து ஒரே தடுப்பில் சேர்ந்துவிடும். விஸ்டா முதல் வந்த விண்டோஸ்கள் 2048ஆம் செக்டரிலிருந்து தொடங்குகின்றன; அது எட்டால் வகுபடும் எண்.

எக்ஸ்பிக்கும் முந்தியவற்றில் கோளாறு இன்னும் விசித்திரமானது. விண்டோஸ் 95 எழும்போது, தான் இருக்கும் கணினி எவ்வளவு வேகம் என்று அளந்து பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஒன்றும் செய்யாத ஒரு சுழற்சியைக் குறித்த தடவை ஓடவிட்டு, அதற்கு எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். 1995ல் அது நல்ல கணக்கு. 1998ல் 350 மெகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. கே6-2 சில்லு வந்தபோது, அந்தச் சில்லு குறிப்பிட்ட சுழற்சிக் கட்டளையை அபார வேகத்தில் முடித்தது. கடிகாரத்தின் முள் நகருவதற்குள் ஓட்டப் பந்தயம் முடிந்துவிட்டது. ஆன நேரம்: பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் சில்லு கைவிரிக்கும். விண்டோஸ் எழும்பாமல் நின்றுவிடும். அதற்கு ஒரு திருத்தம் வந்தது. பிறகு 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சில்லுகளில் அதே வகைக் கணக்கு, விண்டோஸ் 95, 98 இரண்டின் வலைப்பின்னல் பகுதியிலும் கவிழ்ந்தது. டர்போ பாஸ்கலில் எழுதிய எத்தனையோ நிரல்கள் 200 மெகாஹெர்ட்ஸ் வாக்கிலேயே இதே பள்ளத்தில் விழுந்து, 'பிழை 200' என்று சொல்லி உயிரை விட்டன. பிழை எண்ணும் மெகாஹெர்ட்ஸும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

கணினி வேகமாக இருப்பதே நோய் என்றால், மெமரி தாராளமாக இருப்பதும் நோய்தான். விண்டோஸ் 98ல் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால், "மெமரி போதவில்லை" என்ற செய்தி வரக்கூடும். கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பகுதி, இருக்கும் ரேமைப் பார்த்து ஆசைப்பட்டு முகவரிகளையெல்லாம் வளைத்துப் போட்டுவிடும். மற்றவர்களுக்கு முகவரி மிஞ்சாது. சிஸ்டம்.ஐ.என்.ஐ. கோப்பில் ஒரு வரி சேர்த்து அதன் ஆசைக்கு வரம்பு கட்டினால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு விண்டோஸ் 7 பரவாயில்லை என்று தோன்றலாம். 2009ல் வந்த விண்டோஸ் 7 டிவிடிக்குள் யு.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது. 2015ல் இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறை வந்தபோது, அதன் பலகைகளில் பழைய யு.எஸ்.பி. 2.0 கட்டுப்பாட்டகமே எடுக்கப்பட்டுவிட்டது. விளைவு: நிறுவல் தொடங்கும், முதல் திரை அழகாக வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மவுஸ் நகராது. கீபோர்டு தட்டினால் அசையாது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரிடம் பேசுவது போல ஆகிவிடும்.

39 நிமிடத்துக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 25 எழுத்துச் சாவி, மண்டலம், நேரம். சாவி எழுதிய ஒட்டுத்தாள் கேபினட்டின் பக்கவாட்டில் இருக்கும். வெயிலிலும் கைப்பட்டும் எட்டுக்கும் பிக்கும் வித்தியாசம் தெரியாமல் தேய்ந்திருக்கும். எக்ஸ்பியிலிருந்துதான் 'ஆக்டிவேஷன்' வீட்டுக் கணினிக்கும் வந்தது. சில்லு, ரேம், வட்டு, திரை அட்டை, வலை அட்டை எனப் பத்து வகை உறுப்புகளைப் பார்த்துக் கணினிக்கு ஒரு கைரேகை எடுத்துக்கொள்ளும். உறுப்புகள் பல மாறியிருந்தால் "நீ அவனில்லை" என்று மறுபடி பதிவு கேட்கும்.

பிறகு பச்சைக் குன்றும் நீல வானமும் திரையில் விரியும். மூச்சு விடலாம் என்று பார்த்தால், திரை மங்கலாக, பெரிது பெரிதான எழுத்தோடு இருக்கும். ஒலி இருக்காது, வலை இருக்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஒவ்வொரு சில்லும் தன் பிறப்புச் சான்றிதழைத் தன்னிடமே வைத்திருக்கிறது: தயாரித்தவரின் எண் ஒன்று, சில்லின் எண் ஒன்று. இன்டெல்லின் எண் 8086. 1978ல் அந்த நிறுவனம் வெளியிட்ட சில்லின் பெயரையே அவர்கள் தங்கள் முகவரியாக வாங்கிவைத்துக்கொண்டார்கள். டிரைவரோடு வரும் ஐ.என்.எஃப். கோப்பில் இந்த எண்களின் பட்டியல் இருக்கும். பொருந்தினால் டிரைவர் உட்காரும். பொருந்தாவிட்டால் மஞ்சள் குறி. அனுபவசாலிகள் 'தெரியாத சாதனம்' என்ற பெயரைக் கண்டுகொள்வதில்லை. அதன் எண்ணை எடுத்து, அது யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்கிறார்கள். ஆனால் விசாரிக்க வலை வேண்டும், வலைக்கு வலை அட்டையின் டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் வலையில் இருக்கிறது. மதர்போர்டோடு வந்த சிடியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவரின் அருமை அந்த நேரத்தில் தெரியும். பக்கத்துக் கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம் என்றால், 64 ஜிபி பென் டிரைவ்கள் பலவும் எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. எக்ஸ்பிக்கு அதற்கும் தனியாக ஒரு திருத்தம் போட்டாக வேண்டும்.

வலை கிடைத்ததும் ஆபத்து தொடங்குகிறது. 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் என்ற புழு, எக்ஸ்பியிலும் விண்டோஸ் 2000லும் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சிடியிலிருந்து போட்ட கணினியில் அந்தத் திருத்தம் இருக்காதே! அதை இறக்க வலைக்குள் போக வேண்டும். போனால் புழு வந்துவிடும். திரையில் 60 விநாடிக் கடிகாரம் தோன்றி இறங்கும். பூஜ்யம் ஆனதும் கணினி அணையும். மறுபடி எழுந்து, மறுபடி இறக்கத் தொடங்கி, மறுபடி 60. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அணைப்பை நிறுத்தும் சின்னக் கட்டளையை அந்த ஒரு நிமிடத்துக்குள் அடிக்கத் தெரிந்தவர்கள் அன்று அக்கம்பக்கத்தில் வைத்தியர்களாக மதிக்கப்பட்டார்கள். பாதுகாப்பில்லாத விண்டோஸ் கணினி ஒன்றை வலையில் இணைத்தால், தாக்குதல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று சான்ஸ் நிறுவனத்தின் கண்காணிப்பு மையம் கணக்கு வைத்தது. 2004ல் அது சராசரியாக 20 நிமிடம். எக்ஸ்பி ஏறும் நேரத்தில் பாதிதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்து, தீச்சுவரைத் தானாகவே போட்டுவைத்தது. அதன் முழு அளவு 266 எம்பி. டயல்-அப் இணைப்பில் விநாடிக்கு 5 கேபி வீதம் இறக்கினால் ஏறக்குறைய 15 மணி நேரம். தொலைபேசிக் கட்டணம் தனி. கம்ப்யூட்டர் இதழ்களோடு இலவசமாக வந்த சிடிகளுக்கு அப்போது இருந்த மவுசு அப்படி வந்ததுதான். வீட்டுக்கு வீடு ரவுட்டர் வந்த பிறகு, வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்டும் புழுக்களின் தொல்லை குறைந்தது. ஆனால் உள்ளேயிருந்து பரவினால் ரவுட்டர் என்ன செய்யும்? 2017 மே மாதம் வான்னாகிரை என்ற புழு பரவியபோது, ஆதரவை நிறுத்தி மூன்று ஆண்டு ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது.

இன்று எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தால் வேறொரு அமைதி. தாக்குதல் இல்லை, பக்கமும் இல்லை. அநேகமாக எந்த முகவரியை அடித்தாலும் திறக்காது. வங்கி முதல் செய்தித்தாள் வரை தளங்கள் இப்போது மறைகுறியாக்கிப் பேசுவதற்கு டி.எல்.எஸ். 1.2 அல்லது அதற்குப் பிந்தைய முறையைத்தான் ஏற்கின்றன. 1.2 வரையறுக்கப்பட்டது 2008ல். எக்ஸ்பியின் எக்ஸ்புளோரருக்கு 1.0 மட்டுமே தெரியும். போதாததற்கு, "நான் உண்மையான ஆள்தான்" என்று தளங்கள் காட்டும் சான்றிதழுக்கு உத்தரவாதம் தரும் மூலச் சான்றிதழ்களும் காலாவதி ஆகிக்கொண்டே போகின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் பல தளங்களை நம்ப மறுத்தன.

புதுப்பித்துக்கொள்ளலாமே என்றால் அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. திருத்தக் கோப்பு போலியல்ல என்று உறுதி செய்ய ஷா-1 என்ற கணித முத்திரையைப் பழைய விண்டோஸ்கள் நம்பின. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யு.ஐ. ஆய்வு மையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 முத்திரை கொண்ட இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகளை உருவாக்கிக் காட்டின. முத்திரையை நம்ப முடியாது என்றானதும் மைக்ரோசாஃப்ட் ஷா-2க்கு மாறியது. 2020ல் ஷா-1 வழியாகப் பேசும் தன் புதுப்பிப்பு வாசல்களை மூடியது. புதிதாக விண்டோஸ் 7 போட்டால், ஷா-2வைப் புரிந்துகொள்ளும் திருத்தத்தை முதலில் கையால் போட வேண்டும். அது இல்லாமல் மற்ற திருத்தங்கள் எவையும் வந்து சேரா.

இதில் 40 ரூபாய்ப் பேட்டரி ஒன்றும் தன் பங்குக்கு விளையாடும். மதர்போர்டில் காசு போல உட்கார்ந்திருக்கும் சி.ஆர். 2032, கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுகிறது. அதன் பெயரே அதன் அளவு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. மூலையில் பல ஆண்டு கிடந்த கணினியில் அது செத்திருக்கும். தேதி ஏதோ ஒரு பழைய ஜனவரி 1க்குப் போயிருக்கும். எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் அது இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி அடம்பிடிக்கும். டிரைவர், வைரஸ், வலை என்று அரை நாள் தேடிவிட்டுக் கடைசியில் தேதியைத் திருத்துகிறவர்கள் இன்றும் உண்டு.

எப்படியோ ஒரு தமிழ்ப் பக்கம் திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அதன் பின்னாலும் தனித்தனியாக. யூனிகோடு கோப்பில் அவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எழுத்தைக் கோத்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது இயங்குதளத்தின் வேலை. எக்ஸ்பியில் அந்த வசதி சிடிக்குள் உறங்கும். கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு பெட்டியில் குறியிட்டு, கேட்கும்போது சிடியைக் காட்ட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நிர்வாகங்கள் பழையதை விட்டு நகரத்தான் பார்க்கின்றன. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்த சமயத்தில், தமிழ்நாடு அரசு தன் துறைகளை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. நான்கு ஆண்டு கழித்தும் ஏ.டி.எம்.களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்ததால், 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றும்படி 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது.

டாங்கிளோடு மாட்டிக்கொண்ட அச்சகத்துக்கு ஆணைகளால் ஆவது ஒன்றுமில்லை. பழைய வன்பொருள் கிடைக்கும் வரை, பழைய பலகை, பழைய வட்டு என்று ஒட்டுப்போட்டு ஓட்டலாம். டாங்கிள் தேவையில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: வெஸ்டர்ன் டிஜிட்டல் ஜம்பரின் அதே பொய்யை முழுக் கணினி அளவுக்கு விரித்துச் சொல்வது. மெய்நிகர் கணினி என்பது அதுதான். உண்மையான கணினிக்குள் ஒரு மென்பொருள், தானே ஒரு கணினி போல வேஷம் கட்டுகிறது. 2009ல் விண்டோஸ் 7 புரொஃபஷனலோடு மைக்ரோசாஃப்டே 'எக்ஸ்பி மோட்' என்ற பெயரில் இதை இலவசமாகத் தந்தது. நம் கல்லூரி ஆய்வகங்களில் 16 பிட் டர்போ சி++ஐ 64 பிட் விண்டோஸில் ஓட்ட டாஸ்பாக்ஸைப் போட்டுக்கொண்டதும் இதற்கு நெருங்கிய உறவு.

வேஷம் எந்தக் காலத்தது என்பதில்தான் சூட்சுமம். கியூஎமு என்ற மென்பொருள் வழக்கமாகக் காட்டும் கணினி, 1996ல் இன்டெல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சில்லுத் தொகுதியின் நகல். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் வலை அட்டைகளில் ஒன்று ஏ.எம்.டி.யின் பழைய பிசிநெட்; அதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பயாஸ் உண்டு, ஐ.டி.ஈ. வட்டு உண்டு, கேட்டால் பிளாப்பிகூட உண்டு. எஃப்6 அழுத்த வேண்டியதில்லை, 7பி வராது. எக்ஸ்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எல்லாம் தான் பிறந்த வீட்டில் இருந்தபடியே இருக்கின்றன என்று திருப்தியோடு வேலையைத் தொடங்குகிறது. அடியில் இருக்கும் எஸ்.எஸ்.டி. அன்றைய வட்டுகளைவிடப் பன்மடங்கு வேகம் என்பது அதற்குத் தெரியாது. கோப்புகள் சரசரவென்று இறங்கி, கணினி அணைந்து எழுந்து, நீலத் திரையின் இடது ஓரத்தில் பழைய அறிவிப்பு வருகிறது: ஏறக்குறைய 39 நிமிடம். டீக்கடைக்குக் கிளம்பியவர் செருப்பை மாட்டுவதற்குள் அது 20க்குக் கீழே போயிருக்கிறது.